பயந்துகொண்டே கதவைத் தட்டியவள்

சனிக்கிழமை மாலை, எங்கள் பாலிடெக்னிக் மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பொருளாளர் சரவணன் ஒரு வரி போட்டான்: "மஞ்சுளா போயிட்டா." நான் உடனே சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டு, "எங்க, பெங்களூருக்கா?" என்று கேட்டேன். அந்தக் குழுவில் வரும் புரளிகளில் பாதி என்னுடையவை. இதுவும் அந்த வகை என்று நினைத்துவிட்டேன். சரவணன் போன் செய்தான். "டேய், நெஜம்டா. மாமா வண்டியில ஊருக்குப் போய்னு இருந்திருக்கா. தேன்கனிக்கோட்டை ரோட்டுல லாரி." பொம்மையை அழித்தேன். அதற்குள் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

திங்கட்கிழமை இரங்கல் கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் எங்கள் சங்கத் தலைவி மஞ்சுளாவைப் 'பயமே அறியாதவர்' என்றார்கள். இந்தப் பத்து மாதம் அவளுக்குத் துணைச் செயலாளராக, அதாவது செயலே இல்லாத துணையாக, இருந்தவன் என்ற உரிமையில் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்கிறேன்: அது தப்பு. அவளைப் போலப் பயந்த ஆளை நான் பார்த்ததில்லை.

நான் நிர்வாகக் குழுவுக்கு வந்ததே குறும்பு செய்துதான். அலுவலக வராந்தாவில் சங்கத்தின் புகார்ப் பெட்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். பெயர் எழுதாமல் சீட்டுப் போடலாம். வெள்ளிக்கிழமை திறந்து, பதிலைப் பலகையில் ஒட்டுவார்கள். அந்தப் பெட்டிக்குத் தீனி போட்டு வளர்த்தவன் நான். "கேன்டீன் சாம்பாரில் பருப்பைக் காணவில்லை. பெற்றோர் கவலையில் உள்ளனர்" என்று ஒருமுறை எழுதினேன். அப்போது உறுப்பினராக மட்டும் இருந்த மஞ்சுளா, "தேடுகிறோம். கடைசியாக என்ன நிறத்தில் இருந்தது?" என்று பதில் ஒட்டினாள். தலைவியானதும் நேராக என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"இந்தக் கோழி கிறுக்கல் உன்னுதுதான? ஒரு வருசமா நீ ஒருத்தன்தான் எழுதினு இருக்கற. வா, பதிலையும் நீயே எழுது."

ஒரு வெள்ளிக்கிழமை அவள் நாட்றாம்பாளையத்துக்கு, வீட்டுக்குப் போயிருந்தாள். பெட்டியை நான் திறந்தேன். "ஒர்க்‌ஷாப்பில் மூணாம் நம்பர் லேத் பட்டனை அமுக்கினால் நிற்க மாட்டேங்குது. பேய் புடிச்சிருக்கு" என்று ஒரு சீட்டு. எனக்குப் போட்டியாக ஒருவன் கிளம்பிவிட்டான் என்று எண்ணி, "பூசாரி வருவார். எலுமிச்சம்பழம் மாணவர் பொறுப்பு" என்று பதில் ஒட்டினேன். வராந்தாவே சிரித்தது.

திங்கட்கிழமை வந்த மஞ்சுளா சிரிக்கவில்லை.

"போய்ப் பாத்தியா?"

"பேயையா?"

"லேத்தை."

மதிய இடைவேளையில் சரவணனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராகப் போனோம். அவள் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு, பின்னலை உள்ளே செருகி, இரும்பைக் கடையும் அந்த லேத்தை ஓட விட்டாள். பிறகு சிவப்புப் பட்டனை அமுக்கினாள். சுற்றிக்கொண்டே இருந்தது. ஓங்கி அடித்தாள். அப்போதும் சுற்றியது. சரவணன் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த மெயினை அணைத்தான். சனிக்கிழமை முதலாண்டுப் பிள்ளைகள் அதில் வேலை செய்திருந்தார்கள். அவர்களின் விரல்களை நினைத்துக்கொண்டே போய், பலகையில் இருந்த என் பதிலைக் கிழித்தேன்.

முதல்வரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் செய்முறை மதிப்பெண் ஒர்க்‌ஷாப் ஆசிரியர் கையில் இருந்தது. "மெஷினைக் குறை சொல்றவனுக்கு வேலை தெரியாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. என் அப்பா மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, இத்தனை வருடமாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகவே இருப்பவர். நான் டிப்ளமோ முடித்து நிரந்தர வேலைக்குப் போவேன் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை.

"பேர் போடாம குடுத்துடலாம் மஞ்சு" என்றேன்.

"பேர் போடாத சீட்டை நீ என்னா பண்ணின?"

மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

முதல்வர் அறை வாசலில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லிட்டு ஈரமாக இருந்தது. வீட்டில் பேசுகிற கன்னடத்தில் "தேவ்ரே, தேவ்ரே" என்று கடவுளைக் கூப்பிட்டு முணுமுணுத்தாள்.

"நாளைக்கு வரலாமா?" என்று கேட்டேன். அவளுக்காகக் கேட்பது போல எனக்காகத்தான் கேட்டேன்.

"நாளைக்கும் இதே பயம்தான்டா இருக்கும். ஒரே பயத்தை எதுக்கு ரெண்டு தடவ படணும்?" என்று சொல்லிக் கதவைத் தட்டினாள்.

உள்ளே அவள் குரல் இரண்டு முறை உடைந்தது. காகிதம் நடுங்குவது தெரியாமல் இருக்க அதை மேசைமேல் வைத்து அழுத்திக்கொண்டு படித்தாள். முதல்வர் ஒர்க்‌ஷாப் ஆசிரியரை வரச் சொன்னார். ஆசிரியர் எங்கள் கையெழுத்துகளைப் படித்துவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றே லேத்தின் இணைப்பைத் துண்டித்தார்கள், மறுவாரம் சரிசெய்தார்கள். அன்று முதல்வர் அறையிலிருந்து வெளியே வந்த மஞ்சுளா குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, "எவன்கிட்டனா சொன்ன, கொன்னுடுவேன்" என்றாள்.

மதிப்பெண் வரும்வரை மூன்று பேருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. தேறிவிட்டோம். அவளுக்கு மட்டும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

யாரிடமும் சொல்லாதே என்றாள். உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள், மஞ்சு. நண்பர்களே, அவளுடைய தைரியத்தை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அவள் பயம் எனக்கு வேண்டும். சில்லிட்ட அந்தக் கையை நான் வைத்துக்கொள்கிறேன்.

சங்கத்தின் ஆண்டு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்த வாரப் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு: "ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியில் முதலை இருக்கிறது." என்னைப் போல ஒருவன் எழுதியிருப்பான். இருந்தாலும் ஏணி கேட்டு வாங்கிவிட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே ஏறிப் பார்க்கவேண்டும். உயரம் என்றால் எனக்குக் கால் நடுங்கும். கீழே பிடித்துக்கொள்வதாகச் சரவணன் சொல்லியிருக்கிறான்.