சாக்குக்குள் சிறந்த ஊழியர்கள்

எங்கள் தெருவில் வெள்ளம் புகுந்து பால் பாக்கெட் படகில் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம்தான் என் மகன் ஆபீசிலிருந்து ஒரு கண்ணாடி ஷீல்டு வாங்கி வந்தான். மருமகள் அதற்குக் குங்குமம் வைத்தாள். எதற்குக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் ஷீல்டு டிவி மேலிருந்து இறங்கிப் பாத்ரூம் கதவுக்கு முட்டுக்கொடுத்தது. இந்தப் போகிக்கு அவனே, "அடைசல்ப்பா, தூக்கிப் போடுங்க" என்றான். போட்டேன். அடுத்த மாசம் கம்பெனி அவனைத் தூக்கிப் போட்டது.

புது வேலைக்கு ரெஸ்யூமே அனுப்பச் சாயந்திரம்தான் கெடு. சாதனை என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டான்.

"பதினாறு வருசமா இன்னாடா செஞ்சே?"

"அதான்ப்பா ஞாபகம் வரல. அந்த ஷீல்டு எங்க?"

நான் பள்ளிக்கூடம் போகாத கொத்தனார். வேலை கேட்டுப் போனால் கீழ்க்கட்டளையில் நான் கட்டிய சுவரைக் காட்டுவேன். அதிலும் இப்போது விரிசல், அது வேறு கதை.

போகிக்கு நான் அடைசலை எடைக்குப் போட்ட அஸ்தினாபுரம் பழைய இரும்புக் கடைக்குப் போனோம்.

"பெஸ்ட் எம்ப்ளாயியா சார்? அந்த சாக்குல பாருங்க. தாம்பரத்துல கீற அத்தினி பெஸ்ட்டும் அதுலதான் கீது" என்றார் கடைக்காரர்.

கொட்டிப் பார்த்ததில் அவன் பெயர் போட்டது கிடைத்தது. பெயருக்குக் கீழே 'சிறந்த ஊழியர்' என்று இங்கிலீஷில் இருந்ததாம். அவ்வளவுதான்.

"இன்னாத்துக்கு சார் குட்த்தாங்க?"

மகன் ஷீல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூட வேலை பார்த்த சிநேகிதனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"மச்சான், எனக்கு அந்த ஷீல்டு எதுக்குடா குடுத்தாங்க?"

"உனக்கு மட்டுமாடா? இன்கிரிமென்ட் இல்லன்னு அந்த வருஷம் எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தாங்களே! என்னுது மீன் தொட்டிக்குள்ள இருக்கு."

கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகன் ஷீல்டைத் தன் கையாலேயே சாக்கில் போட்டான். பழைய பேப்பர் கட்டு மேல் உட்கார்ந்து, "சரி, நான் என்னடா வேலை பாத்தேன்? அதையாவது சொல்லு" என்றான்.

அந்தப் பையன் சொல்லச் சொல்ல, இவன் தன் பதினாறு வருஷத்தைப் போனில் தட்டிக்கொண்டான். ரெஸ்யூமே இருட்டுவதற்குள் போய்விட்டது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால் அந்தப் பையனையும் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் யாராவது ஷீல்டோடு வீட்டுக்கு வந்தால், குங்குமம் வைப்பதற்கு முன்னால் எதற்கு என்று கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.