தலைவர் பிறந்த அறையில் குடியிருந்தவள்

தையலக்கா குடியிருந்த அறையில்தான் தலைவர் பிறந்தார் என்று ஊரில் பாதிப் பேர் சத்தியம் செய்தார்கள். அவர் இந்த நாட்டிலேயே பிறக்கவில்லை என்று மீதிப் பேர் அடித்துச் சொன்னார்கள். தையலக்காவுக்கு இரு தரப்பின்மீதும் பகை இல்லை. இரண்டில் எதுவும் ஜெயித்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் கவலை.

மூன்றாம் மாடியில் பின்பக்கத்து அறை அது. ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும், சுவரில் இறங்கும் கழிவுநீர்க் குழாயும் தெரியும். வெளிச்சம் வேண்டுமே என்று தையல் மெஷினை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தாள். எதிர்ச்சுவரில் நீளமாக ஒரு கம்பி. தெருமுனை அலுவலகங்களில் வேலை செய்பவர்களின் கால்சட்டைகள், எவ்வளவு நீளம் குறைக்க வேண்டும் என்று குண்டூசியில் குத்திய சீட்டோடு அதில் தொங்கும். திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு கட்டில்கள், ஒன்று அவளுக்கு, மற்றது நாத்தனாருக்கு. நாத்தனாருக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஊரார் போர்வையை மடித்துவிட்டு வருகிறவள், வீட்டில் தன் போர்வையைத் தொடவே மாட்டாள்.

தையலக்காவும் அவள் புருஷனும் நாத்தனாரும் கடல் தாண்டி வந்தவர்கள். வந்த புதிதில் வீடு தேடி அலைந்ததை அவள் மறக்கவே இல்லை. கதவு திறக்கும். "எந்த ஊரு நீங்க?" என்று கேட்பார்கள். சொன்னவுடன், அறை நேற்றுத்தான் வேறொருவருக்குப் போய்விட்டது என்று கதவு மூடிக்கொள்ளும். அந்த ஊரில் இருந்த அறைகள் எல்லாமே நேற்றே போய்விட்டிருந்தன. இந்த வீட்டுக்காரர் மட்டும்தான் எந்த ஊர் என்று கேட்கவில்லை. பெருந்தன்மை என்று எண்ணிவிட வேண்டாம். அந்தச் சுவரையும் குழாயையும் பார்த்துவிட்டு உள்ளூர்க்காரர் எவரும் வாடகைக்கு வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் இறந்த பிறகும் இரண்டு பெண்களும் அங்கேயே இருந்துவிட்டார்கள். வாடிக்கையாளர்களுக்கு வழி பழகிவிட்டது. இனி இந்த வயதில் மெஷினைச் சுமந்துகொண்டு கதவு கதவாகப் போய் நிற்க அவளால் ஆகாது.

தலைவரின் அப்பா அம்மாவும் அதே மாதிரிக் கடல் தாண்டி வந்தவர்கள்தான். நாட்டின் முதல் நாற்காலியில் உட்காருகிறவர் இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று தெரிந்ததும், அக்கரையில் பிறந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர் அவர் என்று எதிர்க்கட்சி கிளப்பிவிட்டது. பிறப்புப் பதிவுகள் எல்லாம் பழைய வெள்ளம் ஒன்றில் போயிருந்ததால், வாய் இருந்தவரெல்லாம் சாட்சியானார்கள்.

எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தவர் வீட்டுக்காரர். தலைவர் பிறந்தது தன் கட்டடத்தில்தான் என்றார். தான் அப்போது சின்னப் பையன் என்றும், வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து பச்சைக் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது என்றும் சொன்னார். எந்த அறை என்று கேட்டதற்கு, ஒரு நொடிகூட யோசிக்காமல் மூன்றாம் மாடிப் பின்பக்கத்தைக் காட்டினார். அந்த அறைக்கு வாடகை ஏற்ற முடியாமல் பல வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் அவர். தலைவரின் கட்சியோ அதை நினைவு இல்லமாக்கி நல்ல வாடகைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. உயிரோடு இருப்பவருக்கு எதற்கு நினைவு இல்லம் என்று யாரும் கேட்கவில்லை.

தையலக்காவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளைக் காப்பாற்றியது எதிர்க்கட்சி. அறைக்கு வர்ணம் பூசிச் சாட்சியத்தைக் கலைத்துவிடுவார்கள் என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போக, தீர்ப்பு வரும்வரை அங்கே ஓர் ஆணிகூட அசையக் கூடாது, இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவானது. கோர்ட்டிலிருந்து வந்த அதிகாரி மெஷின், கட்டில், பீரோ என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் பெண்கள் இருவர் என்று எழுதிக்கொண்டு போனார்.

"அப்ப நாமளும் அசையக் கூடாதா அண்ணி?" என்று போர்வைக்குள்ளிருந்தபடியே கேட்டாள் நாத்தனார்.

"நீ எப்ப அசைஞ்ச?" என்றாள் தையலக்கா.

அன்றிலிருந்து வழக்கு முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவளுக்கு இரண்டாவது தொழிலானது. தலைவரின் ஆட்கள் படம் பிடிக்க வந்தால், அந்த மூலையில் போய் நிற்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது என்பாள். அவர்கள் வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் போவார்கள். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்தால், குரலைத் தாழ்த்தி, பழைய குடித்தனக்காரர் ஒருவர் கப்பல், தொட்டில் என்று ஏதோ சொன்னதாக ஞாபகம், சரியாக நினைவில்லை, வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்பாள். ஞாபகம் வந்துவிட்டதா என்று விசாரிக்க அவர்கள் வாராவாரம் வந்தார்கள். இரு தரப்பிலும் வந்தவர்கள், சும்மா போகக் கூடாதே என்று ஆளுக்கொரு சட்டை தைக்கக் கொடுத்தார்கள். இரண்டு கட்சிச் சட்டைகளும் ஒரே கம்பியில் தோளோடு தோள் உரசித் தொங்கின.

அவளையும் சாட்சிக்கு அழைத்தார்கள். எப்படிக் கேட்டாலும் பிடி கொடுக்காமல் நழுவுகிறாளே என்று எதிர்க்கட்சி வக்கீலுக்கு எரிச்சல்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க எங்க பிறந்தீங்க?"

"சொல்லத் தெரியலைங்க ஐயா."

"நீங்க பிறந்த இடம் உங்களுக்கே தெரியாதா?"

"நானும் அங்கதாங்க இருந்தேன். ஆனா விவரம் தெரியாத வயசு பாருங்க. எங்கம்மா ஒரு தடவ மாமா வீடும்பாங்க, ஒரு தடவ சித்தி வீடும்பாங்க. நான் எந்தத் தேர்தல்லயும் நிக்கப் போறதில்ல. அதனால ரெண்டையும் நம்பிட்டேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

தலைவரின் தாயாரும் வந்து, அந்தக் கட்டடத்தில்தான் பெற்றேன் என்று ஒரே வரியில் சொன்னாள். பெற்றவள் மகனுக்குச் சாதகமாகத்தானே பேசுவாள் என்று வக்கீல் அதைத் தள்ளிவிடச் சொன்னார். பிரசவ வலியை அனுபவித்தவளைத் தவிர மற்ற எல்லாருடைய வார்த்தைக்கும் அங்கே மதிப்பிருந்தது.

கடைசியில், அக்கரையில் பிறந்தார் என்பதற்கு எதிர்க்கட்சி எந்த ஆதாரமும் காட்டவில்லை என்று தீர்ப்பு வந்தது. தலைவர் தேர்தலில் நின்றார், ஜெயித்தார். ஊரெல்லாம் வெடிச் சத்தம். தையலக்கா மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். கோர்ட்டின் தடை விலகிவிட்டது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவளும் நாத்தனாரும் ஒரு வாரம் அறை தேடினார்கள். இத்தனை வருஷம் கழித்தும் கதவுகளுக்குப் பழைய பாடம் மறக்கவில்லை. எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு முன்னால் இடத்தைப் பார்க்கட்டும் என்று கட்சிச் செயலாளர் தலைவரின் தாயாரை அழைத்துவந்தார். அவரும் வீட்டுக்காரரும் பெயர்ப்பலகையை எங்கே மாட்டுவது என்று அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு வாசலில் வாதாடினார்கள். தாயார் மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுடைய அங்கியின் கீழ் மடிப்பு பிரிந்து தொங்குவதைப் பார்த்த தையலக்கா, தரையில் உட்கார்ந்து ஊசியைக் கோத்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் இந்த அம்மாளிடம் மட்டும், கோர்ட்டில் சொன்ன அந்த ஒரு வரிக்கு மேல், யாரும் எதையும் கேட்கவில்லை.

"பெரியம்மா, அன்னைக்குக் கட்டில் எந்தப் பக்கம் கிடந்துச்சு?"

"ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல. வலி தெரியாம இருக்கத் தெருவுல போற பஸ்ஸ எண்ணிட்டே கிடந்தேன்."

தையலக்காவின் ஊசி நின்றது. தாயாரும் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். ஒற்றை ஜன்னலையும், குழாயையும்.

"இது அந்த ரூம் இல்லையே," என்றாள் சாதாரணமாக. "இது அப்ப கரி மூட்ட போட்டு வச்சிருந்த இடம். எங்களுக்கு முதல் மாடியில, தெருவப் பாத்த ரூம்."

"இத நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"எந்த ரூம்னு யாரு கேட்டா?"

முதல் மாடியில் தெருவைப் பார்த்த அறை வீட்டுக்காரருடைய படுக்கையறை. புதுக் கட்டில் வாங்கிப் போட்டு, திரைச்சீலைக்கு அவளிடம்தான் தைக்கக் கொடுத்திருந்தார். ஜோடித் திரை, இரண்டு ஜன்னலுக்கு.

அவர்கள் போன பிறகு தையலக்கா கீழே இறங்கினாள். வீட்டுக்காரர் புதுக் கட்டிலில் சாய்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே இரண்டு ஜன்னல்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. பெரியம்மா ஒண்ணு சொன்னாங்க. அவங்க பெத்தது மேல இல்லையாம். இந்த ரூம்லயாம். நீங்க படுத்திருக்கீங்களே, அந்த இடத்துல."

வீட்டுக்காரர் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். "அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. ஏதாவது உளறும்."

"வயசுதாண்ணே. ஆனா திறப்பு விழாவுல மைக்க அவங்க கையிலதான் குடுக்கறாங்களாம்."

"கோர்ட்டே அவங்க பேச்ச எடுத்துக்கல."

"கோர்ட்டு எடுத்துக்காது. ஊரு எடுத்துக்கும்."

தன் கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, வரிசையில் ஜனங்கள் நின்று எட்டிப் பார்ப்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது போலும்.

"இப்ப நான் என்ன பண்றது?"

"எனக்கென்னண்ணே தெரியும். நான் காலி பண்ணப் போறவ," என்றாள் தையலக்கா. நிதானமாகப் படியேறிப் போய்விட்டாள். விஷயத்தைக் கேட்ட நாத்தனார் பல வருஷத்தில் முதல் தடவையாகத் தன் போர்வையை மடித்து வைத்தாள். சந்தோஷத்தில் கை தானாக வேலை செய்துவிட்டதாம்.

அடுத்த வாரமே வீட்டுக்காரர் எதிர்க்கட்சி வக்கீலின் வாசலில் நின்றார். மனசாட்சி உறுத்துகிறது என்றார். அன்றைக்குக் கேட்டது குழந்தைச் சத்தம்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். பூனையாகக்கூட இருக்கலாமாம். தெருவில் அப்போது பூனைகள் அதிகமாம். வக்கீல் அவருக்குத் தன் நாற்காலியையே விட்டுக்கொடுத்து, அன்றே மேல்கோர்ட்டுக்குப் போனார். தலைவரின் நாற்காலியை மேல்கோர்ட்டு தொடவில்லை. ஆனால் அறை விஷயத்தில், தீர்ப்பு வரும்வரை என்று பழைய உத்தரவையே மறுபடியும் போட்டது. ஓர் ஆணிகூட அசையக் கூடாது. பெயர்ப்பலகை படிக்கட்டின் அடியில் சுவரைப் பார்த்தபடி சாத்திவைக்கப்பட்டது.

தையலக்காவுக்குப் பயம் ஒன்று பாக்கி இருந்தது. தாயார் கோபித்துக்கொள்வாளோ என்று. ஒரு நாள் மத்தியானம் கையில் பையோடு அவளே படியேறி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எம் புள்ளையப் பூனைன்னு சொல்லிட்டானாமே?"

தையலக்கா மெஷினை நிறுத்திவிட்டுத் தலை குனிந்தாள். "தப்புதான் பெரியம்மா. நான்தான் அவருகிட்ட..."

"தெரியும். அன்னைக்கு நீ ஊசியப் புடிச்சிக்கிட்டு முழிச்சப்பவே தெரியும்." தாயார் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அவன் பொறந்து ஒரு மாசம் ஆகல. ராத்திரில குழந்த அழுவுது, காலி பண்ணுங்கன்னு இந்த வீட்டுக்காரனோட அப்பன் வந்து நின்னான். கையில குழந்தையோட வீடு வீடாப் போனோம். எந்த ஊருன்னு கேப்பாங்க. எங்கள வெளிய தள்ளின இடத்துல போயி எம் புள்ள பேர எழுதிப் பலகை மாட்டுறாங்களாம். நீ மாட்ட விடாமப் பண்ணதுக்கு எனக்கென்ன கோவம்?"

பையிலிருந்து பட்டு அங்கி ஒன்றை எடுத்து நீட்டினாள். பக்கவாட்டில் பிரித்துக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்றாள்.

"என்னைக்கு வேணும் பெரியம்மா?"

"மேல்கோர்ட்டுத் தீர்ப்பு வர்ற அன்னைக்குப் போட்டுக்கலாம்னு இருக்கேன்."

தையலக்கா அதை வாங்கி நான்காக மடித்தாள். தைக்க வேண்டிய துணிகளின் அடுக்கை ஒரு கையால் தூக்கி, அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள்.