மாட்டு வண்டிக்குப் பின்னால் போன கார்

காஜா பெராங் ஊரில் பூங்காவனத்தைத் தெரியாதவர் கிடையாது. வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள், அது ஒன்று. இன்னொன்று அவள் காது. ஊரில் அரிசி கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அடுத்த வீட்டு உலைமூடி தட்டுவதைத் தன் வீட்டுக் கொல்லையிலிருந்தே கேட்டுவிட்டு, "ஏ பாக்கியம், கஞ்சி வழியுது, அங்க என்னாடி பண்றே?" என்று கத்துவாள். பாக்கியலட்சுமி அகப்பையோடு ஓடுவாள். "இவ காதுல என்னத்த வச்சிருக்காளோ!" என்று திட்டிக்கொண்டேதான் ஓடுவாள்.

புருஷன் சுப்பையன் கார் மெக்கானிக். நல்ல வேலைக்காரன். ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் வண்டிகளை இவனைத் தவிர வேறு ஆளைத் தொடவிடமாட்டார்கள். ஜப்பான்காரனோடு சண்டை வந்ததும் அந்தத் துரைமாரெல்லாம் வண்டியை விட்டது விட்டபடி சிங்கப்பூருக்கு ஓடினார்கள். ஓடுகிறவர்கள் சும்மா ஓடியிருக்கலாம் அல்லவா? வழியில் ஒரு பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். பாவம், சுப்பையன் சைக்கிளோடு அந்தப் பக்கம் நின்றிருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காதுதான் போயிற்று.

முழுசாகப் போகவில்லை. உரக்கப் பேசினால் கேட்கும். கொசு பாடுவது, குழாய் சொட்டுவது, பெண்டாட்டி முணுமுணுப்பது, இதெல்லாம் கேட்காது. கடைசியாகச் சொன்னதில் அவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்று பூங்காவனமே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் இன்ஜினின் மெல்லிய சத்தம் கேட்காத மெக்கானிக்கை யார் வேலைக்கு வைப்பான்? அதனால் இது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக இருந்தது.

அந்த நாளில் வேலை இல்லாத ஆம்பளை வெளியே தலைகாட்டினால் ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றி சயாமுக்கு அனுப்பிவிடுவார்கள், ரயில் பாதை போட. போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வந்தபாடில்லை. ஜப்பான்காரனிடம் வேலை செய்கிறவன் கையில் ஒரு துணிப்பட்டை கட்டியிருப்பான். அந்தப் பட்டையைப் பார்த்தால் பிடிக்கமாட்டார்கள். சுப்பையனின் கை வெறுங்கையாக இருந்தது. லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பூங்காவனம் அவனைக் கொல்லைப்பக்கம் தள்ளிக் கதவைச் சாத்துவாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் கலியாணசுந்தரம் வந்தார். முன்பு தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி, இப்போது ஜப்பான்கார அதிகாரிக்கு மொழிபெயர்க்கிறவர். அவருக்குப் பின்னால் ஒரு சிவப்புக் காரை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டே பேர் உட்காருகிற பந்தயக் கார்.

"சுப்பையா, இது நம்ம பழைய துரை வண்டிதான். அதிகாரி தினம் பண்டார் ஹிலிர் ஆபீசிலேர்ந்து செமாபோக் வீட்டுக்கு இதுல போகணுமாம். பறக்கவிட்டா பறக்குது. பெண்டஹாரா சடக்குல, அந்தக் குறுகல் ரோட்டுல, மாட்டு வண்டிக்குப் பின்னால ஊர்ந்தா இருமி நின்னுபோவுது. மாட்டு வண்டிக்குப் பின்னால நிக்காம ஓட்டிக் காட்டினா உனக்குப் பட்டறை வேலை, கைப்பட்டை எல்லாம் உண்டு."

"இல்லாட்டி?" என்றாள் பூங்காவனம்.

கலியாணசுந்தரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த லாரியில சயாம், தங்கச்சி."

வண்டியில் கோளாறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டுவது கார்புரேட்டர். மற்ற வண்டிக்கு ஒன்று, இதற்கு இரண்டு. துரை பந்தயத்துக்காக முடுக்கி வைத்திருந்தான். மெல்லப் போகவேண்டுமானால் இரண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்கவேண்டும். ஒன்று கூட இழுத்து மற்றது குறைத்து இழுத்தால் வண்டி தள்ளாடிச் சாகும். மூச்சை அளக்க ஒரே வழிதான் உண்டு. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, அந்த 'உஸ்'ஸைக் கேட்கவேண்டும்.

சுப்பையன் குழாயைக் காதில் வைத்தான். கண்ணை மூடினான். திறந்தான். பூங்காவனம் குழாயை வாங்கித் தன் காதில் சொருகிக்கொண்டாள்.

யாரும் பார்க்காதபடி சாக்குப் படுதாவை இழுத்துவிட்டு இரண்டு பேரும் ரெண்டு நாள் வேலை செய்தார்கள். இவள் விரலை மேலே தூக்கினால் அவன் திருகைத் திறப்பான், கீழே இறக்கினால் மூடுவான். சும்மா சொல்லக்கூடாது, அந்த ரெண்டு நாளும் பூங்காவனத்துக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது கிடையாது.

அங்கேதான் சுப்பையன் ஒரு காரியம் செய்தான். டாங்கியில் இருந்தது அந்தச் சண்டைக் காலத்து எண்ணெய். ரப்பரைக் காய்ச்சி வடித்ததும் மரவள்ளிச் சாராயமும் கலந்த நாற்றம் பிடித்த சரக்கு. கோழிக்கூட்டுக்கு அடியில் இவன் ஒரு போத்தல் அசல் பெட்ரோல் ஒளித்து வைத்திருந்தான். "எலுமிச்சம்பழம் வச்சு, பூ வச்சு எடுக்கிற வண்டி. சாமி பேரைச் சொல்லி முதல் மூச்சு விடறப்போ நாத்த எண்ணெயையா ஊத்துவாங்க?" என்று போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு அதிலிருந்தே இன்ஜினுக்கு ஊட்டினான். பூங்காவனத்துக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. இன்ஜின் பூனை மாதிரி உறுமிற்று. அப்புறம் டாங்கிக் குழாயை மாட்டி, சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தார்கள்.

அதிகாரி வந்தார், ஏறினார், பழம் நசுங்க எடுத்தார். கலியாணசுந்தரம் ஏற்பாடு செய்திருந்த மாட்டு வண்டி முன்னால் போயிற்று. கார் அதன் பின்னால் சமர்த்தாகப் போயிற்று. கூடவே ஊரும் வேடிக்கை பார்க்கப் போயிற்று. தெரு முனை வரைக்கும் எல்லாம் நல்லபடி. அங்கே ஒரு இருமல். இன்னொரு இருமல். கார்புரேட்டர் வாய்வழியே 'டப்'பென்று வெடித்து, வண்டி நின்றுவிட்டது. மாடு திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று, சனியன்.

அதிகாரி இறங்கிக் கத்தினார். யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. சயாம் என்ற சொல் எல்லாருக்கும் புரிந்தது.

சுப்பையன் ஓடிப்போய் இன்ஜின் மூடியைத் திறந்தான். நாற்றம் மூக்கில் அடித்ததும் முகம் வெளுத்துவிட்டது. கார்புரேட்டரில் மிச்சமிருந்த நல்ல பெட்ரோல் தீர்ந்து, டாங்கியிலிருந்து நாற்ற எண்ணெய் ஏறியிருக்கிறது. சாராயம் கலந்த சரக்கைக் கொஞ்சம் தாராளமாகவே ஊட்டவேண்டும், இவர்கள் திருகி வைத்ததோ அசல் சரக்குக்கு. எண்ணெய் கூடுதலாக வர, அடியில் இருந்த நட்டுகளை இரண்டுக்கும் ஒரே சுற்று இறக்கினான். அது கைவேலை, அவனால் முடியும். ஆனால் மூச்சைத் திரும்பச் சமன் பண்ணவேண்டுமே! நடுச்சடக்கில், அதிகாரி முன்னால், இன்ஜினைத் திரும்ப ஓடவிட்டு, குழாயைத் தன் காதில் வைத்துக்கொண்டு கேட்பதுபோல் நின்றான்.

பூங்காவனத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வருவது வரட்டும் என்று முந்தானையைச் சொருகிக்கொண்டு போய்க் குழாயைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். "என்னா மரம் மாதிரி நிக்கிறீங்க? திருகுங்க!"

விரல் மேலே போயிற்று, கீழே வந்தது. ஒரு பக்கம் 'உஸ்'. மறுபக்கம் கொஞ்சம் கம்மி. இன்னும் ஒரு துளி. அப்புறம் எது எந்தப் பக்கம் என்றே தெரியாதபடி இரண்டும் ஒன்றாக இழுத்தன. இன்ஜின் நாற்ற எண்ணெயிலேயே சீராக ஓடிற்று.

அடுத்த மாட்டு வண்டி வந்தது. அதிகாரி ஏறி அதன் பின்னால் போனார். கோயில் வரைக்கும் போய், திரும்பி, எதிரே வந்த வேறொரு வண்டிக்குப் பின்னாலும் ஊர்ந்து வந்தார். கார் இருமவே இல்லை. அவர் இறங்கி, பையிலிருந்து துணிப்பட்டையை எடுத்து, சுப்பையனைத் தாண்டி வந்து பூங்காவனத்திடம் நீட்டினார்.

"மெக்கானிக் நீதானாம், தங்கச்சி" என்றார் கலியாணசுந்தரம்.

அவள் பட்டையைத் தொடவில்லை. "அண்ணே, நான் சொல்றதை அப்படியே அவருகிட்ட சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்குக் காது போயிடுச்சு, உண்மைதான். ஆனா எனக்குத் திருகு பிடிக்கத் தெரியாது. காது என்னுது, கை அவருது. ஒண்ண இங்க வச்சுக்கிட்டு ஒண்ண சயாமுக்கு அனுப்பினா இந்த வண்டி நாளைக்கே நடுரோட்டுல நிக்கும். நின்னா நான் பொறுப்பில்ல!"

கலியாணசுந்தரம் அப்படியே சொன்னார். அதிகாரி அவளைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார். அங்கே ஒரே மாதிரி இரண்டு கார்புரேட்டர்கள் இழுத்துக்கொண்டிருந்தன. தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "டுவா" என்றார். இரண்டு விரலைக் காட்டினார். இன்னொரு பட்டை பையிலிருந்து வந்தது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மரவள்ளிக்கிழங்குதான். இரண்டு பேரும் பட்டையைக் கழற்றாமலே சாப்பிட்டார்கள். பாதிக் கிழங்கில் பூங்காவனத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீங்க போயிருந்தா நான் செத்திருப்பேங்க" என்றாள், மெல்ல.

"என்னா புள்ள?"

"நீங்க போயிருந்தா..."

"கேக்கலம்மா. சத்தமாச் சொல்லு."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க இல்லாட்டி நான் செத்துப்போயிருப்பேன்னு சொல்றேன்! போதுமா? இப்பக் கேட்டிச்சா?"

"எங்களுக்கே கேட்டிச்சுடி!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாக்கியலட்சுமி கத்தினாள்.