காப்புக் கட்டியபோது நிறுத்திய மாத்திரை

எங்கள் வீட்டில் அதற்கு நெஞ்சு மாத்திரை என்று பெயர். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை என் மகள்தான் ஒருநாள் அல்பிரசோலம் என்று எழுத்துக்கூட்டி வாசித்தாள். நான் எட்டாவது வரை படித்தவள், எனக்கு அது வாயில் நுழையவில்லை. பாதி உளுந்து அளவுதான் இருக்கும். இத்தனை சின்னது என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். ஒருமுறை மகாராஷ்டிரா பக்கம் வண்டி கவிழ்ந்துவிட்டது. இவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கூடப் போன டிரைவர் இறந்துபோனார். அதற்கப்புறம் போன் மணி அடித்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும், கை சில்லிடும், மூச்சு பாதியில் நிற்கும். ஆட்டையாம்பட்டியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு மட்டும் போடுங்கள் என்று இதை எழுதிக் கொடுத்தார். போட்டுக் கொஞ்ச நேரத்தில், நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த தறி கரண்ட் போனது போல நின்றது. சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். அம்மன்தான் டாக்டர் ரூபத்தில் வந்தாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் என்றது வருஷக்கணக்காகிவிட்டது. காலி அட்டையைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்துவிடுவார்கள். ராத்திரி ஒன்று என்று இருந்தது, முன்னைப்போல் கேட்கவில்லை என்று காலையிலும் ஒன்றாயிற்று. பிறகு மதியத்துக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவேன். பேச வந்த வார்த்தை பாதியில் காணாமல் போகும். வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

என் மகளை ராசிபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்குக் குழந்தை நிற்கவில்லை. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி, ஸ்கேன் என்று போய்க்கொண்டிருந்தாள். மாமியார் ஒரு வார்த்தை சொல்வதில்லை. விசேஷ வீடுகளில் மாலை எடுத்துக் கொடுக்க மட்டும் இவளைக் கூப்பிடுவதில்லை. அவள் வயிறு திறக்கட்டும் என்று எங்கள் ஊர் மாரியம்மனுக்கு அக்னிச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் யார் வீட்டிலும் தாளிப்பதில்லை. சட்டி எடுக்கிறவர்கள் மஞ்சள் துணியில் காப்புக் கட்டிக்கொண்டால் ஒருவேளைச் சோறு, வெறுந்தரையில் படுக்கை. மருந்து மாயம் தொடக்கூடாது என்பார்கள். அம்மை கண்ட வீட்டில் மருந்து கொடுக்காதது போலத்தான் அதுவும். அம்மனே வந்து உட்கார்ந்திருக்கிற உடம்பில் வேறொன்றை விடலாமா என்கிற பயம்.

இந்த நோம்பிக்காக வீட்டுக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர், நெஞ்சு மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்றதும் கேட்டார்.

"சக்கரை மாத்திரை போடறவங்க எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் சட்டி எடுக்கறாங்க. நீ மட்டும் ஏம்புள்ள நிறுத்தோணும்?"

"அது உசுருக்குப் போடறதுங்க. இது மனசுக்கு. மனசுக்கு மாத்திரையப் போட்டுக்கிட்டு அவகிட்டப் போயி என்னத்தக் கேக்கறது?"

"உன்ற அம்மன் செக்போஸ்ட்டுக்காரன விட மோசமா இருப்பா போல" என்றார்.

"வாயக் கழுவுங்க" என்றேன். இருவரும் சிரித்தோம். நாங்கள் மனசு விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

காப்புக் கட்டிய காலையில் மூன்று வேளை மாத்திரையையும் ஒரேயடியாக நிறுத்தினேன். அட்டையை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு தூக்கம் என்பதே வரவில்லை. விரதத்தில் தூக்கம் எதற்கு என்று சந்தோஷப்பட்டேன். தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மண்டைக்குள்ளேயே அடித்தது. வெயில் கண்ணைக் குத்தியது. வேப்பிலை வாசனை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு மூக்கில் ஏறியது. கை நடுங்கத் தொடங்கியது. என் கையைப் பார்த்தால் அது என்னுடையதாகத் தெரியவில்லை. யாரோ எனக்குள் நின்று என் கண் வழியாகப் பார்ப்பது போல இருந்தது.

கோயிலில் என் கூடச் சட்டி எடுக்க இருந்த பெண்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அக்காளுக்கு மொகமே மாறிப்போச்சு பாரு" என்றாள் ஒருத்தி.

"ஆத்தா எறங்கிட்டா" என்றாள் இன்னொருத்தி. என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் நம்பினேன். இத்தனை வருஷம் கும்பிட்டதற்கு இப்போதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறாள் என்று என் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

சட்டி எடுத்த அன்று பம்பைச் சத்தம் எலும்புக்குள் இறங்கியது. சட்டியின் சூடு கைக்குத் தெரியவில்லை. கோயில் வாசலுக்கு வந்தபோது என் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காலடியில் விழுந்தாள்.

"எனக்கு ஒரு கொழந்தையக் குடு தாயி."

என் வாய் திறந்தது. வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"குடுக்கறேன். உன்ற மடி நெறையும். இனி ஆருகிட்டயும் போயி நிக்காத."

கூட்டம் குலவை போட்டது. அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். சட்டி கீழே விழுந்து உடைந்திருக்கிறது. நான் விறைத்துக்கொண்டு சாய்ந்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நாக்கு கடிபட்டு வாயில் நுரையோடு ரத்தம் வந்ததைப் பார்த்த என் வீட்டுக்காரர்தான், "இது சாமி இல்லீங்க, வலிப்பு. ரோட்டுல எத்தன பேரப் பார்த்திருக்கறேன், நவுருங்க" என்று கத்தியிருக்கிறார். பேசாம இருய்யா என்று அவரைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அவர் என்னைத் தூக்கி ஒரு வேனில் போட்டுக்கொண்டு சேலம் போயிருக்கிறார்.

கண் விழித்தபோது சட்டி நெருப்பு கொட்டிய கால் முழுக்கக் கட்டு. நாக்கு தடித்துக் கிடந்தது. கையில் காப்பு இல்லை. ஊசி போட இடைஞ்சல் என்று வெட்டிவிட்டார்களாம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வீட்டுக்காரர் லாரி டிரைவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். "மூளைக்கு ஆக்சிலேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டும்மா. இந்த மாத்திரை, பிரேக் மேல கூட ஒரு கால் வெச்சு அழுத்தும். வருஷக்கணக்கா அது அழுத்துனா, உங்க சொந்தக் கால் நமக்கென்னன்னு எடுத்துக்கும். ஆக்சிலேட்டர் மட்டும் ஈடு கட்டறதுக்குக் கூடிக்கிட்டே இருக்கும். திடீர்னு மாத்திரைய நிறுத்துனீங்கன்னா?"

"கொல்லிமலை எறக்கத்துல பிரேக் இல்லாம உட்ட கதைதானுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதேதாங்க. அதுலயும் இது ரத்தத்துல இருந்து சீக்கிரம் எறங்கிடற மாத்திரை. வேற ஒண்ணு, மெதுவா எறங்கறது, மாத்தித் தாரேன். அதக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கோணும். நீங்களா நிறுத்தவே கூடாது."

தூக்கம் போனது, தோலில் ஊர்ந்தது, சத்தம், வெளிச்சம், வாசனை, என் கை என்னுடையதாகத் தெரியாதது, எல்லாவற்றையும் நான் சொல்லாமலே அவள் வரிசையாகச் சொன்னாள். பார்த்தது போலச் சொன்னாள். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் என்னிடமிருந்து ஒவ்வொரு நகையாகக் கழற்றுவது போல இருந்தது.

"இப்படி இருக்கறப்ப மனுசன் என்னென்னமோ பேசுவானுங்களா?" என்று கேட்டேன்.

"பேசலாம்மா. இல்லாதது தெரியும், கேக்கும். குடிகாரங்க திடீர்னு குடிய நிறுத்துனா கை நடுங்கி ஒளர்றாங்கல்ல, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். சாராயமும் இந்த மாத்திரையும் மூளையில போயித் தட்டறது ஒரே கதவத்தான்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குள் சாராயம் வந்ததே இல்லை. டிரைவர் வேலையிலும் தொடாத மனுஷன் அவர். நான் சாமி சன்னிதியில் நின்றது ஒரு குடிகாரனின் நடுக்கத்தோடு. அதற்குத்தான் அத்தனை பேர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் பார்க்க வந்தாள். அடுத்த ஊசிக்கு அவள் எப்போது ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று கேட்டேன்.

"இனி எதுக்கும்மா? ஆருகிட்டயும் போயி நிக்காதன்னு சொல்லிட்டீங்களே."

டாக்டர் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டும் அவளுக்குச் சொன்னேன். பிரேக், ஆக்சிலேட்டர், குடிகாரன் எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே என் காலில் மருந்து தடவினாள்.

"அது மாத்திரை பேசுனதுடா கண்ணு. அம்மன் இல்ல."

"மாத்திரைக்கு என்ற மடி காலியா இருக்கறது எப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியுமில்ல சாமி. நான் பெத்தவ. என்ற ஆசைதான் வாயில வந்துருக்கும்."

"டாக்டரு வலிப்பத்தான் பார்த்தாங்க. நீங்க குடுத்த வாக்க நான் பார்த்தேன். நம்பாம மறுபடி ஊசி போட்டேன்னா அவ குடுத்தத நானே தட்டி உட்ட மாதிரி ஆயிரும்."

எந்த நினைப்பில் நான் மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் போட்டேனோ, அதே நினைப்பு அவளுக்கும். அந்தப் பக்தியை அவளுக்குக் கொடுத்தவளும் நான்தான். மருமகன் கெஞ்சிப் பார்த்தார், நகரவில்லை. மாதாமாதம் அவள் போன் செய்வாள். குரலைக் கேட்டாலே அந்த மாதமும் நிற்கவில்லை என்று தெரிந்துவிடும். "அவ நேரம் பார்த்துக்கிட்டு இருக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாள். வயது போனால் மருந்தும் கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தது எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

நான் இப்போது புது மாத்திரையை பிளேடால் நறுக்கிப் போடுகிறேன். ஒரு துணுக்கு குறைத்தால் பழைய படபடப்பு எட்டிப் பார்க்கும். மறுபடி ஏற்றுவார்கள். எப்போது முடியும் என்று கேட்டால், அவசரப்படாதீர்கள் என்கிறாள் அந்த டாக்டர். இந்த மாத்திரை உள்ளே போனதும் கண்ணீர்கூட வருவதில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்றால் பஸ்ஸுக்கு நிற்பது போல நிற்கிறேன். வாக்கு உன்னுடையதாக இருந்தால் நிறைவேற்று, என்னுடையதாக இருந்தால் என் மகள் மனசிலிருந்து அதை எடுத்துவிடு என்று தினமும் கேட்கிறேன். இரண்டும் நடக்கவில்லை.

இந்த வருஷம் பூச்சாட்டியபோது என் மகள் காப்புக் கட்டிக்கொண்டாள். நான் போட்டு உடைத்த சட்டிக்குப் பதிலாக அவள் எடுக்கிறாளாம். நான் கோயில் வாசலில் பெண்களோடு நின்றேன். போன வருஷத்து ஞாபகத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். ஒருத்தி கையில் எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது.

பம்பை நெருங்கியது. மகள் சட்டியோடு வந்தாள். என் முன்னால் வந்ததும் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். நடுங்குகின்றனவா என்று பார்த்தாள். என் கைகள் மடித்து வைத்த துணிபோல அசையாமல் இருந்தன. காலையில் போட்ட துணுக்கு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

"ஒரு வார்த்த சொல்லு தாயி" என்றாள்.

"கை சுட்டுறப்போவுது கண்ணு, நட" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த சட்டிக்காரர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தாள்.