ஒரு ‘னி’ அதிகம்

தீயணைப்பு நிலையத்தில் அவரை எல்லோரும் ‘படிக்கட்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. மாடி ஏறுவதே தொழிலாகிப்போன அக்கா குடியிருப்பது தரைத்தளத்தில். கேட்டால், “வீட்டுக்குப் போறதுக்கும் படியேறணுமா என்ன?” என்பார்.

ஆண்டுக்கொரு தேர்வு உண்டு. தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மாடி. இரண்டு நிமிட ஓய்வு. மறுபடி ஏழு மாடி. முதல் ஏற்றத்தில் இளவட்டங்களையே திணறடிப்பார். இரண்டாவதில்தான், ஐந்தாம் மாடி தாண்டியதும் கால் கல்லாகிவிடும். தவறினால் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கும் வேலை. அக்காவைப் பொறுத்தவரை அது உயிரோடு சமாதி.

தலைவலி மாத்திரைக்கே காத தூரம் ஓடுகிறவர், நாலு இடத்தில் படித்து, பத்துப் பேரைக் கேட்டு, கடைசியில் தசைக்கு வலுவூட்டும் கிரியேட்டின் பொடிக்கு வந்துசேர்ந்தார். தினம் ஒரு சின்னக் கரண்டி, தண்ணீரில். ருசி? “சுவரை நக்குன மாதிரி.” ஆனால் பொடி ஏறாது, தான்தான் ஏறவேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. வாரம் மூன்று நாள் சுருளோடு ஏறி, நேரத்தைச் சுண்ணக்கட்டியால் கதவுக்குப் பின்னால் எழுதினார். இரண்டு மாதத்தில் இரண்டாவது ஏற்றத்தில் பதினோரு விநாடி மிச்சம்.

அப்போதுதான் தேர்வுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையின் அறிக்கை வந்தது. ‘கிரியேட்டினின்: அளவுக்கு மேல்.’

கணவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். மளிகைச் சீட்டிலும் சந்திப்பிழை பார்க்கிற ஆள். டப்பாவில் கிரியேட்டின், தாளில் ஒரு ‘னி’ அதிகம். “பாத்தியா, அச்சுப்பிழை!” என்று சிவப்புப் பேனாவால் அதை அடித்து, ஓரத்தில் நீக்கல் குறியும் போட்டார். அக்கா தாளை அப்படியே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்.

சிறுநீரகக் கோளாறு என்று எழுதப்போன டாக்டரம்மாவின் கை, சிவப்பைப் பார்த்து நின்றது.

“யாரும்மா திருத்துனது?”

“வீட்டுக்காரர். டப்பாவுல அந்த எழுத்து இல்லையாம்.”

“எந்த டப்பா?”

விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா சிரித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. “பிழை இல்லம்மா, இது வேற சரக்கு. நீங்க சாப்பிடுற பொடி உடம்புக்குள்ள உருமாறி இதாத்தான் வெளிய போகுது. அதனாலயே அளவு ஏறியிருக்கலாம். மூணு வாரம் நிறுத்துங்க, திரும்பப் பாப்போம்.”

“நாலு வாரத்துல தேர்வு, டாக்டர். நிறுத்திட்டா காலு என்னாகும்?”

“தசையில சேர்ந்தது அவ்வளவு சீக்கிரம் வடியாது. நீங்க ஏறுன படியும் எங்கயும் போகாது.”

மறுபரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. தேர்வன்று, டாக்டரம்மாவின் சான்றிதழோடு கணவரை நிலையத்து முற்றத்தில் நிறுத்திவிட்டு அக்கா ஏறினார். இரண்டாவது முறை ஐந்தாம் மாடியைத் தாண்டியபோதும் கால் காலாகவே இருந்தது. நேரத்துக்குள் உச்சிக்குப் போய்ச்சேர்ந்தார்.

இறங்கி வந்தால், கணவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

“‘பணிக்கு தகுதியானவர்’னு போட்டிருக்காங்க. நடுவுல ‘த்’ வரணும்.”

“அந்த ‘த்’ இல்லாமலே ஏழு மாடி ரெண்டு தடவை ஏறியாச்சு,” என்றார் அக்கா, மூச்சு வாங்கியபடி. “மூடுங்க பேனாவை.”