வீட்டில் யாரும் பிடிப்பதில்லை

வீட்டுக்குள் நான் பீடி பற்ற வைத்ததே கிடையாது. மகள் பிறந்த நாளிலிருந்து அப்படி. அதைப் பெரிய தியாகம்போலப் பல பேரிடம் பீற்றிக்கொண்டும் திரிந்தேன். தறிக்கூடத்தில் மட்டும்தான் பிடிப்பேன். என் மனைவியும் அதே கூடத்தில்தான் வேலை செய்தாள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

ஆரணியில் எங்கள் முதலாளியின் கூடத்தில் நான்கு பட்டுத் தறிகள். ஜன்னலைத் திறக்க மாட்டோம். காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் உலர்ந்து இழைகள் அறுந்துபோகும். ஒருமுறை யாருடைய பீடியிலிருந்தோ விழுந்த பொறி, முகூர்த்தப் புடவை ஒன்றில் மிளகளவு ஓட்டை போட்டுவிட்டது. முதலாளி ஆடித் தீர்த்துவிட்டார். அன்றிலிருந்து தறிக்குப் பக்கத்தில் பீடி கூடாது, மூலைக்குப் போய்த்தான் பிடிக்க வேண்டும். தெருவுக்கு அனுப்பினால் டீக்கடையிலேயே நின்றுவிடுவோம் என்று அவருக்குப் பயம். அந்த மூலையில்தான் என் மனைவி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆண்கள் நாலு பேரும் மாற்றி மாற்றி அவள் தலைக்கு மேல் ஊதினோம். பன்னிரண்டு வருடம். அதற்குப் பிறகு ஒரு புடவையிலும் ஓட்டை விழவில்லை.

முதலில் வெறும் இருமல். பிறகு ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கியது. டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"வீட்ல யாராச்சும் பீடி, சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"வீட்ல யாரும் புடிக்கிறதில்லீங்க," என்றாள், என்னைப் பார்க்காமலே.

என் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்தது. கையால் பொத்திக்கொண்டேன். நூல் சுற்றும் வேலை என்று கேட்டதும் டாக்டர் அதைத் தூசு என்று எடுத்துக்கொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும், "ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன்.

"அத்தினி பேரு முன்னாடி உங்கள அந்தம்மா திட்டணுமா? நெசத்தத்தான சொன்னேன்," என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

துணியைக் கட்டிக்கொண்டு அதே மூலையில் இன்னும் எட்டு மாதம் உட்கார்ந்தாள். நாங்களும் ஊதினோம். ஒரு நாள் ராட்டைமேலேயே சாய்ந்துவிட்டாள். அப்போதுதான் டாக்டரிடம் வாயைத் திறந்தேன். அவர் திட்டவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா அந்த எடத்துக்கே போக விட்டிருக்க மாட்டேன். கெட்டுப்போன நுரையீரல் திரும்பாதுங்க," என்றார்.

நான் பீடியை விட்டுவிட்டேன். யாருக்கு என்ன லாபம்? அந்த மூலையில் இப்போது வேறொரு பெண் நூல் சுற்றுகிறாள். மற்ற மூன்று பேரும் அங்கேதான் நின்று ஊதுகிறார்கள். சொல்லிப் பார்த்தேன். "சும்மா பேஜார் பண்ணிகினு இருக்காத," என்று பதில் வந்தது.

போன மாதம் வீட்டுக்கு ஆக்சிஜன் மிஷின் வந்தது. மாட்டிவிட்டுப் போக வந்த ஆள், "இதுகிட்ட யாரும் பீடி புடிக்கக் கூடாதுங்க, குப்புனு பத்திக்கும்," என்றான்.

மூக்கில் குழாயோடு படுத்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள். "எங்க வீட்ல யாரும் புடிக்கிறதில்லீங்க."

இந்த முறை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.