ஒரு பாயளவு புல்

எண்ணூரில் ஒரு காலத்தில் கோல்ஃப் ஆடினார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் போகட்டும். கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மதிலுக்குள், சவுக்குத் தோப்பை ஒட்டி, ஆறே ஆறு குழிகளோடு ஒரு சின்ன மைதானம் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் போட்டது. அவர்கள் கப்பலேறிய பிறகு நம்ம ஊர் அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். வாசலில் ‘அதிகாரிகளுக்கு மட்டும்’ என்று ஒரு பலகை. அந்தப் பலகைக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தவர் கோதண்டம்.

கோதண்டம் பம்ப் ஹவுஸ் தொழிலாளி. அவருக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்றால், கழிவு எண்ணெய்தான். மைதானத்தில் தானாக முளைத்த முரட்டுப் புல் உண்டு; ஆனால் குழியைச் சுற்றி மெத்தென்ற பச்சைப் புல் வளர்க்க அந்த உப்புத் தண்ணீரில் வழி கிடையாது. அதனால் அங்கே மணலைப் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்க அதில் கழிவு எண்ணெயைக் கலந்து, உருளையால் உருட்டி வைப்பார்கள். எண்ணெய் பம்ப் ஹவுஸிலிருந்து வந்ததால் உருட்டுகிற வேலையும் பம்ப் ஹவுஸ் தலையில் விழுந்தது. காலை ஆறு மணிக்கு உருளையை இழுத்துக்கொண்டு போனால் ஏழரைக்குள் ஆறு குழியும் முடியும்.

1962-ல், பழைய இரும்புக் குவியலில் கைப்பிடி முறிந்த ஒரு கோல்ஃப் கோல் கிடந்தது. ஸ்டோர் குமாஸ்தாவிடம் கேட்டதற்கு, “எடுத்துகினு போப்பா, எடத்த அடைச்சிகினு கீது” என்றார். கோதண்டம் அதில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, பற்றவைத்து, பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றினார். முள்புதரில் தொலைந்து, வெட்டுப்பட்டு, அதிகாரிகள் வேண்டாமென்று விட்ட பந்துகள் நாற்பது சேர்ந்தன. அன்றைக்குச் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் கடற்கரைக்குப் போனார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் போனார்.

காய்ச்சல் வந்தாலொழிய ஒரு நாள் தப்பாது. குதிகாலால் மணலில் ஒரு பள்ளம் போடுவார், அதில் பந்தை வைப்பார், இருபதடி தள்ளி ஒரு நண்டு வளையைக் குறி பார்ப்பார். ஆரம்பத்தில் பந்து நகரவே நகராது. அப்புறம் பிடிபட்டது. மணலில் பந்தை அடிக்கக்கூடாது; பந்துக்கு இரண்டு விரல் பின்னால் இருக்கிற மணலை அடிக்கவேண்டும். மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று வருஷம் தப்பாக அடித்து அவரே கண்டுபிடித்தது. அதற்கப்புறம் நாற்பதில் முப்பது பந்தாவது வளையைச் சுற்றி ஒரு முழத் தூரத்தில் விழும். வலை உலர்த்துகிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிப்போய் விட்டுவிட்டார்கள்.

பழகாதவள் ஒருத்திதான், அவர் மனைவி கன்னியம்மா.

“இன்னாயா, தெனம் போய் அடிக்கிற, அடிக்கிற. ஒரு நாளாவது ஆடினியா?”

“ஆடறதுக்கு வுடணுமே, கன்னியம்மா.”

“அப்ப இன்னாத்துக்கு அடிக்கிற? சாப்பாடு போடாத கல்யாணத்துக்கு எல போட்டுகினு குந்திகினுகீற.”

கன்னியம்மா வாயில் எப்போதும் இப்படி ஏதாவது வரும். ஆனால் இந்தக் கேள்வி கோதண்டத்துக்குத் தைத்தது. அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். ஒரு முறை, ஒரே முறை, ஆறு குழியும் முழுசாக ஆடவேண்டும். ஆடினால் ஜெயிப்பேன் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. இந்த மனுஷனுக்கு இவ்வளவு நம்பிக்கை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், உருளை இழுத்துக்கொண்டே ஒன்பது வருஷம் அதிகாரிகள் ஆட்டத்தின் அடையாளங்களைப் பார்த்ததால்தான் என்று சொல்லவேண்டும்.

அதிகாரிகள் ஞாயிறுதோறும் ஆடுவார்கள். ஆட்டம் மட்டும்தான். பயிற்சி என்று ஒரு பந்தைத் தட்டினவர் ஒருவர் கிடையாது. அதிலும் உதவி மேலாளர் குணசேகரன் இருக்கிறாரே, மூன்றாம் குழிக்கு முன்னால் இருக்கிற மணற்பள்ளத்தில் விழாமல் அவர் ஆடி முடித்த ஞாயிறு இல்லை. திங்கட்கிழமை காலை அந்தப் பள்ளத்தைச் சமப்படுத்தும்போது கோதண்டம் மணலில் கோல் விழுந்த தடங்களை எண்ணுவார். ஏழு அடி, எட்டு அடி. ஒருமுறை பதினொன்று. “சார், சாயங்காலத்துல கொஞ்சம் அடிச்சிப் பாக்கலாமே” என்று ஒரு நாள் பணிவாகச் சொன்னார். “ஆட ஆடத் தானா வரும் கோதண்டம்” என்றார் குணசேகரன். பத்து வருஷமாக அவருக்கு அது வந்துகொண்டே இருந்தது.

1971 டிசம்பரில் செய்தி வந்தது. மைதானம் இருந்த இடத்தில் புது ஷெட் வரப்போகிறது. ஜனவரியில் தோண்டிவிடுவார்கள். கடைசியாக ஒரு ஆண்டுக் கோப்பை ஆட்டம், அவ்வளவுதான். கோதண்டத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒன்பது வருஷம் அடித்தது ஒரு நாள்கூட ஆட்டமாகாமல் மண்ணோடு போகப்போகிறதே என்று நினைத்தபோது அழுகையே வந்தது. ஆனால் அழுதுகொண்டு உட்காருகிற ஆளில்லை அவர்.

ஆட்டத்தன்று காலை அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. இறுதி ஆட்டம் ஜோடி ஆட்டம். ஒரு ஜோடிக்கு ஒரே பந்து. ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்கவேண்டும். எந்தக் குழியைக் குறைந்த அடியில் முடிக்கிறார்களோ அந்தக் குழி அவர்களுக்கு. ஒருபக்கம் தலைமை இன்ஜினீயரும் அவருடைய கூட்டாளியும். மறுபக்கம் குணசேகரன். அவருடைய கூட்டாளிக்கு அம்மை போட்டுவிட்டது.

எண்ணெய் வாளியோடு நின்ற கோதண்டம் வாளியைக் கீழே வைத்தார்.

“சார், நான் ஆடறேன்.”

“நீயா? உனக்கு ஆடத் தெரியுமா?”

“ஒம்போது வருஷமா அடிக்கிறேன் சார். ஒரு தபா வுட்டுப் பாருங்க.”

குணசேகரன் வாழ்நாளில் கோப்பை ஜெயித்ததில்லை. வேறு ஆளும் இல்லை. தலைமை இன்ஜினீயர் சிரித்துக்கொண்டே, “கடைசி ஆட்டம்தானே, வரட்டும்” என்றார்.

முதல் குழி. குணசேகரன் அடித்த பந்து புல்லில் போய் நின்றது. அடுத்த அடி கோதண்டத்துடையது. குழாய்க் கோலை ஓங்கி, பழகின பழக்கப்படி, பந்துக்கு இரண்டு விரல் பின்னால் போட்டார். மணல் என்றால் பந்து பறந்திருக்கும். இது புல். பெயர்ந்த புல்கட்டி பந்தைவிட அதிக தூரம் போய் விழுந்தது. இரண்டாம் குழியிலும் அதே கதை. ஒன்பது வருஷத்தில் அவர் ஒருநாளும் புல்லில் வைத்து அடித்ததில்லை. கடற்கரையில் புல்லுக்கு எங்கே போவது? இரண்டு குழியும் போயிற்று. காது மடல் சூடேறிப் போயிருந்தது அவருக்கு.

மூன்றாம் குழி. குணசேகரன் ஓங்கி அடித்தார். பந்து எங்கே போகும்? அதே மணற்பள்ளம். இன்ஜினீயர் ஜோடி ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தது. குணசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டார். கோதண்டம் மட்டும் பள்ளத்தில் இறங்கி, குதிகாலை அழுத்தி, வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் மாதிரி நின்றார். ஒரே வீச்சு. மணல் எழும்பியது, பந்து மெத்தென்று வந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. குணசேகரன் தட்டினால் போதும். குழி அவர்களுக்கு.

இன்ஜினீயர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

நாலாம் குழிக்கு முதல் அடி கோதண்டத்துடையது. முதல் அடிக்குப் பந்தை உயர்த்தி வைக்கலாம் என்பது விதி. அவர் பள்ளத்து மணலில் ஒரு கை அள்ளிவந்து, சின்ன மேடு கட்டி, அதன்மேல் பந்தை வைத்து அடித்தார். பந்து நேராகப் போயிற்று. அந்தக் குழி சமம். ஐந்தாம் குழிக்கு நடக்கும்போது குணசேகரன் கிசுகிசுத்தார்.

“கோதண்டம், நான் எங்கே அடிக்கட்டும்?”

“மண்ணுலயே அடிங்க சார். குழியாண்ட வேணாம். நீங்க எப்பவும் போல அடிச்சாலே போதும், அங்கதான் போய் வுழும்.”

குணசேகரனுக்குக் கோபம் வரவேண்டிய இடம். சிரிப்புத்தான் வந்தது. எப்பவும் போல அடித்தார், பந்தும் எப்பவும் போல மணலில் விழுந்தது, கோதண்டம் அதை ஒரே வீச்சில் கிளப்பிக் குழியோரம் வைத்தார். இரண்டுக்கு இரண்டு.

ஆறாம் குழி. மணல் மேட்டிலிருந்து கோதண்டம் அடித்தது தோப்பு ஓரம்வரை போயிற்று. அடுத்தது குணசேகரன். குழிக்கு வலப்பக்கம் பெரிய மணற்பள்ளம். அதில் போட்டுவிட்டால் கோப்பை கையில். பத்து வருஷமாகப் போகாதே போகாதே என்று வேண்டியும் தவறாமல் போன பந்தை, முதல்முறையாகப் போ என்று குறிபார்த்து அடித்தார். பயிற்சி இல்லாத கை. பள்ளத்தின் விளிம்பை நோக்கி உருண்டு, ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. புல்லில்.

கோதண்டம் பந்தையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் அடித்தால் புல்கட்டிதான் பறக்கும். நேராகப் பந்தை அடிக்கவேண்டும். தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய, கைக்குத் தெரியவேண்டுமே. ஓங்கினார். கோல் பந்தின் உச்சந்தலையில் பட்டது. பந்து தரையோடு சீறிக்கொண்டு, காலையில் அவரே உருட்டிவைத்த எண்ணெய் மணலைத் தாண்டி, அந்தப் பக்க வேலிக்குள் போயிற்று. ஆட்டம் முடிந்தது; கோப்பை இன்ஜினீயர் ஜோடிக்கு. இன்ஜினீயர் வந்து கை கொடுத்தார். “அந்த மணல் அடியை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்” என்றார். அதை அவர் மனசாரத்தான் சொன்னார்.

வீட்டில் கன்னியம்மா வாசலிலேயே நின்றாள். சேதி அதற்குள் குடியிருப்பு முழுக்கப் பரவியிருந்தது.

“ஆடினியா?”

“ஆடினேன்.”

“கெலிச்சியா?”

“மண்ணுல கெலிச்சேன். புல்லுல கோட்ட வுட்டேன்.”

பத்து நிமிஷம் திட்டிவிட்டுத் தேற்றலாம் என்று பார்த்தவளுக்கு அதற்கு வேலையே இல்லை. மனுஷன் உற்சாகமாகச் சாப்பிட்டார். எங்கே தப்பு என்று தெரிந்துபோனவனுக்கு வருகிற உற்சாகம் அது.

ஜனவரியில் தோண்டுகிற ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், குணசேகரனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கோதண்டம் மண்வெட்டியோடு ஆறாம் குழிக்குப் போனார். பந்து நின்ற அதே இடம், அதே விளிம்பு. ஒரு பாயளவுக்குப் புல்லை மண்ணோடு சதுரம் சதுரமாகப் பெயர்த்து, ஈரச் சாக்கில் கட்டி, சைக்கிளில் நாலு நடை அடித்து பக்கத்து ஊரான எர்ணாவூரில் இருந்த தன் வீட்டின் பின்னால் பதித்தார்.

“குடிக்கவே தண்ணிக்கு லைன்ல நிக்கிறேன், இதுக்கு வேற ஊத்தணுமா? நல்லா கீதுயா உன் நாயம்” என்று கன்னியம்மா ஒரு வாரம் கத்தினாள். எட்டாம் நாள் பாத்திரம் கழுவின தண்ணீரை அவளே கொண்டுபோய் ஊற்றினாள். புல் பிழைத்துக்கொண்டது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குணசேகரன் தேடிக்கொண்டு வந்தார். ஆடுவதற்கு இடமில்லாமல் ஞாயிறு அவருக்கு ஓடவில்லை. கையில் ஒரு கோல். பின்பக்கம் கோதண்டம் அடித்துக்கொண்டிருந்தார். வேலியில் ஒரு பழைய மீன் கூடையைக் கட்டியிருந்தார். புல்லில் இருந்து பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடைக்குள் போய் விழுந்தன.

குணசேகரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஏன் கோதண்டம், மைதானமே போச்சு. இனிமே எங்கே ஆடப்போறே?”

“ஆட்டம் வர்றப்ப வரட்டும் சார். அன்னிக்குப் போய் புல்லுல நின்னு முழிக்கக்கூடாது பாருங்க.” கூடையை அவிழ்த்துப் பந்துகளைக் கொட்டினார். நாற்பதையும் எண்ணிச் சரிபாதியாகப் பிரித்து, இருபதைக் குணசேகரன் பக்கம் தள்ளினார். “வாங்க சார், பாய் மேல நில்லுங்க. மொதல்ல நீங்க அடிங்க.”